ஐந்து கையெழுத்துகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி 1908ஆம் ஆண்டில் சென்னையை விட்டுப் புதுச்சேரி சேர்ந்தபோது, அவ்வூர்ச் சட்டத்தின் கண்ணில் அவர் ஓர் அயல்நாட்டார். பேசும் மொழி ஒன்றுதான்; உண்ணும் சோறும் ஒன்றுதான். ஆயினும் எல்லைக்கு இப்பால் ஆங்கிலேயர் ஆட்சி, அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. முதலில் இடம் தந்தவர் போலீசாரின் நெருக்குதலுக்கு அஞ்சி, வேறிடம் பார்த்துக்கொள்ளும்படி சொல்ல நேர்ந்தது. பின்னர்க் குவளைக்கண்ணன் வந்தார். வேறு நண்பர்கள் வந்தார்கள். குடியிருக்க வீடும் கிடைத்தது. விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று பாரதி வட்டத்தார் அழைத்த வீட்டுக்காரர், வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார் என்ற செய்தி இந்த அவையில் உள்ள அனைவரும் அறிந்ததே. சென்னை மாகாணத்திலிருந்து அடைக்கலம் புகுந்த இவர்களைப் புதுச்சேரி மக்கள் ‘சுதேசிகள்’ என்றே அழைத்தார்கள். ஓர் ஊருக்கு அயலாராய் வந்தவர்களுக்குச் சுதேசி என்ற பெயர் வாய்த்தது தமிழில் அபூர்வமான நிகழ்ச்சி.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், எட்டயபுரத்துக்குத் தொலைவில்லாத மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் புதுச்சேரியில் ஆங்கிலேய ஒற்றர்களின் கூட்டம் பெருகியது. அந்தச் சூழலில் பிரெஞ்சு நிர்வாகம் அயலாருக்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது. புதிதாக வந்து தங்கியிருப்போர், தம் நன்னடத்தைக்கு ஊரறிந்த பெரியவர் ஐவரின் சான்றைப் பெற்றுத் தரவேண்டும். அரவிந்தர் 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்து இறங்கியபோது தம் வீட்டில் இடம் கொடுத்த கலவை சங்கரன் செட்டியாரே இம்முறையும் முன்நின்று அலைந்தார். ஐந்து கையெழுத்துகள் கிடைத்தன. ஆங்கிலேய அரசின் பகையைச் சம்பாதித்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தும் போட்ட கையெழுத்துகள் அவை.

இந்த உரையின் பொருள் பாரதி வரலாறு அன்று. இரவில் விளக்கெரியும் வீதிகளில், உண்ணவும் குடிக்கவும் களிக்கவும் கூடும் அயலாரை உள்ளூரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதே பொருள். எனினும் அந்த ஐந்து கையெழுத்துகள் நல்ல அளவுகோல். அயலான் ஒருவனிடம் காசு வாங்குவது எளிது. அவனுக்காகத் தன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதுதான் கடினம்.

புதுச்சேரியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபின், எல்லைக்கு அப்பாலிருந்த அந்த ஊருக்குக் குடிப்பதற்கென்றே செல்லும் வழக்கம் வலுத்தது. ஆட்சி மாறி, மதுவிலக்கும் போன பின்பும் அந்தப் பெயர் போகவில்லை. சனிக்கிழமை மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், மக்கள் நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிரான்சிலிருந்து வந்த முதியவர் உண்டு. ஆரோவில்லில் நாற்பது ஆண்டு வாழ்ந்து, தமிழில் காய்கறி பேரம் பேசும் பெண்மணி உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பத்துப் பேரன் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பதும் உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இளைஞர் கூட்டமோ இவர்கள் எல்லாரையும்விடப் பெரியது. தெருவோரத்துக் கடைக்காரர் கண்ணுக்கு முதலில் தெரிவது தோல். வெள்ளைத் தோல் என்றால் விலை ஏறும். கூடவே மரியாதையும் ஏறும். ஆரோவில் பெண்மணி தமிழில் பதில் சொன்னவுடன் விலை இறங்கிவிடும். சில வேளைகளில் மரியாதையும் சற்று இறங்கும் என்பது வேடிக்கை.

இரட்டை விலையை ஆட்டோக்காரர் தலையில் மட்டும் கட்டிவிடுவது முறையாகாது. மாமல்லபுரத்துச் சின்னங்களைப் பார்க்க, 2018ஆம் ஆண்டு தொல்லியல் துறை அறிவித்த கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய். அயல்நாட்டாருக்கு 600 ரூபாய். அரசே பதினைந்து மடங்கு வாங்கும்போது, ஒத்தவாடைத் தெருவில் சிற்பம் விற்பவர் இரண்டு மடங்கு கேட்டால் அவரைக் கடிந்துகொள்ள யாருக்கு உரிமை? அந்தத் தெருவும் கூர்ந்து பார்க்கத்தக்கது. மீனவர் குடியிருப்பை ஒட்டி எழுந்த விடுதிகள், மொட்டைமாடி உணவகங்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசி மீனைக் காட்டி அழைக்கும் பையன்கள். பருவம் வந்தால் வெளிச்சம். பருவம் முடிந்தால் பழையபடி வலை பின்னும் தெரு. அயல்நாட்டுப் பெண்ணொருத்தி தனியே கடற்கரையில் நடந்தால், உடன் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கேட்கும் கூட்டமும் அங்கேதான் சேர்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மீனவர்கள் அல்லர். பேருந்தில் வந்திறங்கிய பிற ஊர்க்காரர்களே. உள்ளூர்ப் பையனுக்கு அவள் நாளையும் வரவேண்டிய வாடிக்கையாளர். பேருந்துக்காரனுக்கு அவள் ஒரு காட்சி.

வெள்ளைத் தோலுக்கு இவ்வளவு என்றால், கறுப்புத் தோலுக்கு என்ன கிடைக்கிறது? இதை இந்தக் கரிசல் மண்ணில் நின்று கேட்பது பொருத்தமே.

தெற்குத் தில்லியில் கிர்க்கி விரிவாக்கம் என்றொரு குடியிருப்பு. எதிரே பெரும் அங்காடிகள். உள்ளே குறுகிய சந்துகள். வாடகை குறைவென்பதால் ஆப்பிரிக்க நாட்டவர் பலர் தங்கினார்கள். 2014ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நள்ளிரவில், அன்றைய தில்லி அரசின் சட்ட அமைச்சர் கூட்டத்தோடு அங்கே சென்று, போதைப்பொருளும் விபசாரமும் நடக்கின்றன என்று கூறி, வீடுகளுக்குள் புகுந்து சோதனையிடும்படி போலீசாரை வற்புறுத்தினார். ஆணை இல்லாமல் புக முடியாது என்று போலீசார் மறுத்தனர். உகாண்டா நாட்டுப் பெண்கள் மறிக்கப்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை குடியிருப்போர் எழுதிய புகார்க் கடிதங்கள். இங்கும் கையெழுத்துகள் உண்டு, திசைதான் வேறு. 2016ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் பெங்களூரின் புறத்தே, சூடான் நாட்டு மாணவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் ஒருவர் இறந்தார். சிறிது நேரம் கழித்து அவ்வழியே வந்த தான்சானியா மாணவியைக் கூட்டம் இழுத்துத் தாக்கியது. அவர் வந்த காருக்குத் தீ வைத்தது. சூடான் எங்கே, தான்சானியா எங்கே என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாது. நிறம் ஒன்றாயிருந்ததே போதுமாயிருந்தது.

இவை பிறர் செய்தவை என்று கேட்டுவிட்டுப் போவது எளிது. தமிழனே அந்த இடத்தில் நிற்கும் வீதி ஒன்றுண்டு. அங்குதான் இந்த உரை சற்று நிற்க வேண்டும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் சேர்ந்த பகுதி லிட்டில் இந்தியா. தேக்கா சந்தை, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை, பூக்கட்டும் கடைகள், வாழையிலைச் சாப்பாடு. ஞாயிறு மாலையில் தீவின் ஓரங்களிலுள்ள தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து தனியார் பேருந்துகளில் வந்திறங்குவோர் ஆயிரக்கணக்கினர்: புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சை, இந்தக் கரிசல் சீமை, இவற்றோடு வங்கதேசம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஊர்க்காரரைப் பார்க்க வேண்டும். முடி வெட்ட வேண்டும். அடுத்த வாரத்துக்குக் காய் வாங்க வேண்டும். புல்வெளியில் உட்கார்ந்து இரண்டு பீர் குடித்துவிட்டுப் பத்து மணிக்குள் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வாரம் ஆறு நாள் வெயிலில் கம்பி கட்டியவருக்கு இதுதான் இரவு வாழ்க்கை. வேறு இரவு அவருக்கில்லை.

அங்கே பிறந்து வளர்ந்த தமிழர் இவர்களை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் தெரியுமா? ‘ஊர்க்காரன்’ என்கிறார்கள். எட்டயபுரத்திலோ கோவில்பட்டியிலோ அச்சொல்லைச் சொன்னால், ‘என் மண்ணைச் சேர்ந்தவன், எனக்கு வேண்டியவன்’ என்று பொருள். பேருந்தில் இடம் கிடைக்கும். கடையில் கடன் கிடைக்கும். அதே சொல் கடலைத் தாண்டியதும், ‘இந்த நாட்டைச் சேராதவன், ஊரிலிருந்து வந்தவன்’ என்று புரண்டுவிட்டது. எழுத்து மாறவில்லை, ஒலி மாறவில்லை. எப்போதும் இகழ்ச்சியாகவே சொல்கிறார்கள் என்று சொல்வது நியாயமன்று; வெறும் அடையாளமாகச் சொல்வாரும் உண்டு. ஆனால் அச்சொல்லைக் கேட்கும் தொழிலாளிக்கு அது எப்படி ஒலிக்கும் என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம். சீனரும் மலாய்க்காரரும் ஒதுக்கினால் அது வேற்றினம் என்று மனம் ஆறும். தமிழில் ஒதுக்கப்பட்டால் எதைச் சொல்லி ஆறுவது? சிங்கப்பூர்த் தமிழர் நிலையிலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. சிறுபான்மையினராய், தம் பிள்ளைகளைப் பிறர் கூலியாட்களாகவே எண்ணிவிடுவார்களோ என்று இரண்டு மூன்று தலைமுறையாக அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த அச்சத்தைக் கிளறிவிடுகிறது.

குடியிருப்போர் முறையீடும் பழையதே. புல்வெளியில் குப்பை, மாடிப்படியில் தூக்கம், அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் கூட்டம். சில கட்டடங்களின் கீழ்த்தளத்தைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். 2008ஆம் ஆண்டில் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான குடியிருப்பின் அருகே தொழிலாளர் விடுதி அமையும் என்ற செய்தி வந்ததும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி அமைந்தது, ஆனால் தொழிலாளர் குடியிருப்புத் தெருக்களின் வழியே நடக்காதபடி தனிப்பாதை போடப்பட்டது. புதுச்சேரியில் ஐந்து, இங்கே ஆயிரம்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிறு, இரவு ஒன்பதரை மணி அளவில் ரேஸ் கோர்ஸ் சாலைச் சந்திப்பில் ஒரு பேருந்தின் சக்கரத்தில் சிக்கி, 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்தார். குடித்திருந்தார், பேருந்தில் ஏறியவரை இறக்கிவிட்டிருந்தார்கள். சுற்றி நின்றோர் கண்ணில் பட்டது, உதவிக்கு வந்தவர்கள் ஓட்டுநரையும் பேருந்துப் பணிப்பெண்ணையும் முதலில் பாதுகாப்பாக அழைத்துச் சென்றது. அடியில் கிடந்தவர் உயிரோடிருக்கிறார் என்று நம்பியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. சில நூறு பேர் கல்லெறிந்தார்கள், வண்டிகளைக் கவிழ்த்தார்கள், தீ வைத்தார்கள். எறிந்தவர்களைத் தடுத்து நின்ற தொழிலாளர்களும் அதே கூட்டத்தில் இருந்தார்கள் என்பது படங்களில் பதிவாயிற்று. நாற்பதாண்டுகளுக்கு மேல் கலவரம் காணாத நாடு அது. 25 பேர் மீது வழக்கு. 57 பேர் நாடு கடத்தல். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் தந்த அறிக்கை, விபத்தையும், மீட்புப் பணி பற்றிய தவறான எண்ணத்தையும், மதுவையும் காரணங்களாகக் கூறியது. ஊதியம், விடுதி பற்றிய மனக்குறை காரணம் அன்று என்றது. கல்லெறிந்ததை நியாயம் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸைக் கொளுத்துவது எந்த மன வேதனைக்கும் மருந்தாகாது.

பின்னர் வந்த சட்டம்தான் இன்றைய பொருளுக்கு முக்கியமானது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், நாடெங்கும் பொது இடத்தில் இரவு பத்தரை மணிக்குமேல் குடிக்கக்கூடாது என்றார்கள். லிட்டில் இந்தியாவையும் கேலாங் பகுதியையும் தனி வட்டாரங்களாக வகுத்து, சனி காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிப்பதையே தடுத்தார்கள். உரிமம் பெற்ற மதுக்கடையின் மேசையில் அமர்ந்து குடிப்பதற்குத் தடை இல்லை. அதே நகரத்தில் கிளார்க் கீ ஆற்றங்கரையில் நிறுவன அதிகாரிகளாய் வந்த மேனாட்டார் மேசையில் அமர்ந்து குடித்தால் அது நகரத்தின் பொலிவு. அதற்கென விளம்பரமும் உண்டு. மேசைக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் புல்லில் அமர்ந்து குடித்தால் அது ஒழுங்குப் பிரச்சினை. இருவரும் அயல்நாட்டார், இருவர் கையிலும் பீர். 2016இல் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இத்தொழிலாளர் கூட்டத்தை வெடிக்கக் காத்திருக்கும் குண்டு என்னும் பொருள்படப் பேசி, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டார். பெருந்தொற்றுக்குப் பின், 2022ஆம் ஆண்டு ஜூனிலும்கூட, விடுதித் தொழிலாளி ஞாயிறன்று லிட்டில் இந்தியா செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருந்தது.

அப்படியானால் கையெழுத்திட அங்கே யாருமே இல்லையா? உண்டு. வேலையிழந்து, காயம்பட்டு, வழக்கு முடியும்வரை ஊதியமின்றிக் காத்திருப்போருக்கு 2008ஆம் ஆண்டு முதல் கஃப் சாலையில் இலவச உணவு கொடுத்துவந்த தொண்டர்கள் சிங்கப்பூரர்களே. 2011இல் ரோவல் சாலையில் வங்கமொழித் தொழிலாளர் கூடிப் பாடவும் படிக்கவும் ‘திபாஷ்ரம்’ என்ற இடம் தொடங்கப்பட்டது. கலவரம் நடந்த மறு ஆண்டான 2014இல், புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியது. முதலில் வங்கமொழியினர் எழுதினர். அடுத்துத் தமிழும் பிற மொழிகளும் சேர்ந்தன. 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் முதல் பரிசு பெற்றவர் ஜாகிர் உசேன் கோகன், கட்டுமானத் தொழிலில் இருந்தவர். முகுல் உசைன் என்ற மற்றொரு தொழிலாளியின் கவிதைகள் 2016இல் ஆங்கில நூலாயின. மேடையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது, ‘ஊழியர்’, ‘கூட்டம்’, ‘பிரச்சினை’ என்ற சொற்கள் உதிர்ந்து, கவிதையின் கீழே ஒரு பெயர் நின்றது.

ஆனால் கவிதையின் வலிமையை மிகைப்படுத்திச் சொல்வதும் தகாது. தங்குவிடுதி ஒன்றில் நடந்ததைப் பற்றி எழுதிய முகநூல் பதிவுக்குப் பின், 2022ஆம் ஆண்டில் ஜாகிரின் வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. அப்பதிவு தவறான செய்தி தருவது, தூண்டிவிடுவது என்பது அரசின் விளக்கம். ஏறத்தாழ இருபதாண்டு வாழ்ந்த நாட்டை விட்டு அவர் போனார். கைதட்டியவர்கள் பலர், சான்றாக நின்றவர்களும் சிலர் இருந்தார்கள், சட்டம் இம்முறை ஐவரின் கையெழுத்தைக் கேட்கவில்லை.

இனி எட்டயபுரத்துக்குத் திரும்பலாம். இங்கே இரவு வீதி என்று சொல்ல நெடுஞ்சாலைப் புரோட்டாக் கடைகளும் தேநீர்க் கடைகளும் டாஸ்மாக் வாசலும்தான். அயல்நாட்டார் வருவது அரிது. வந்தாலும் பகலில் பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் தமிழகம் முழுவதும் கட்டடம், ஆலை, உணவகம் எங்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஞாயிறு மாலையில் பேருந்து நிலையத்தோரம் கைப்பேசியும் கையுமாக நிற்பவர்கள் அவர்கள். ‘வடக்கன்’ என்ற ஒரு சொல்லில் அத்தனை மாநிலத்தையும் அடக்கிவிடுகிறது தமிழ்த் தெரு. 2023ஆம் ஆண்டு மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவின. செய்தி பொய்யென்று நிறுவப்பட்டது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. எனினும் பொய்யை நம்பி அஞ்சிய தொழிலாளிக்கு, ‘இல்லை, பயப்படாதே’ என்று அவன் மொழியில் சொல்ல எத்தனை உள்ளூர்க்காரர் இருந்தனர்? புதுச்சேரியில் பாரதிக்கு மொழி ஒன்றாயிருந்து சட்டம் வேறாயிருந்தது. இவர்களுக்குச் சட்டம் ஒன்று, மொழி வேறு.

பாரதி இளமையில் காசியில், அத்தை வீட்டில் தங்கிப் படித்தவர். இந்தியும் வடமொழியும் அங்கே கற்றார். எட்டயபுரத்துப் பிள்ளை ஒருவனைச் சில ஆண்டுகள் வைத்துக்கொண்ட அந்தப் பக்கத்து மக்கள் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள்.

வட்டத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கப்படுகிறது. பதினோராம் ஆண்டின் மாதக் கூட்டங்களுள் ஒன்றையேனும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வைக்கலாம். அவர்களுக்கு ஓய்வு அப்போதுதான். அழைப்பிதழ் அச்சிட்டுப் பயனில்லை. தேநீர்க் கடையிலும் செங்கற்சூளையிலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போஜ்புரியிலோ ஒடியாவிலோ பாடத் தெரிந்த இருவர் கிடைத்தால் போதும். ஓரளவு இந்தி அறிந்த உறுப்பினர்கள் பொருள் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் குற்றமில்லை. வருகைப் பதிவேட்டில் அவர்கள் தங்கள் எழுத்திலேயே கையெழுத்திடட்டும். கூட்டம் எட்டரை மணிக்குள் முடிய வேண்டும். அதற்குப்பின் வெளியூர்ப் பேருந்து கிடைப்பது சிரமம்.